சின்னக் கோச்சியும் பெரிய கடமையும்



பாடசாலை விடுமுறை வந்துவிட்டால் எங்கேயாவது ஒரு திடலில் கார்னிவல் போட்டுவிடுவார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நீங்களும் போயிருப்பீர்கள். இராட்டினத்துக்குப் பக்கத்தில் வட்டமாகத் தண்டவாளம் போட்டு, நாலு பெட்டி கோத்த ஒரு சின்னக் கோச்சி சுற்றிக்கொண்டிருக்கும். மகன் கையைப் பிடித்து இழுப்பான். "வாப்பா, ஒரேயொரு தடவை!" என்பான். டிக்கட் எடுத்துக் கொடுத்துவிட்டு நீங்கள் வேலிக்கு வெளியே நிற்பீர்கள். மூன்று சுற்று முடிந்ததும் இறங்கி வருவான். "இந்தக் கோச்சி எங்கே போகும் வாப்பா?" என்று கேட்பான். "எங்கேயும் போகாது மகன், சுற்றிச் சுற்றி இங்கேதான் வரும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்கு நடப்பீர்கள்.

அந்தப் பிள்ளை கேட்டது நல்ல கேள்வி. ஏனென்றால், உண்மையாகவே ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போகின்ற சின்னக் கோச்சிகளும் உலகத்தில் உண்டு. அவற்றில் ஏறிப் பிள்ளைகள் பாடசாலைக்குப் போயிருக்கிறார்கள். அவை கருங்கல் சுமந்திருக்கின்றன. யுத்த சேவையும் செய்திருக்கின்றன. அவற்றை ஓட்டியவர்களில் சிலர் கடமையில் உயிரையும் கொடுத்திருக்கிறார்கள். இந்த மாதம் அவற்றைப் பற்றித்தான் உங்களோடு கதைக்கப் போகிறேன்.

அடிமட்டத்தால் அளக்கும் பாதை

புகையிரதப் பாதையின் அகலம் என்று சொல்வது இரண்டு தண்டவாளங்களின் உட்பக்கங்களுக்கு இடையிலுள்ள தூரத்தைத்தான். நம் நாட்டுப் பாதைகளின் அகலம் 5 அடி 6 அங்குலம். களனிவெளிப் பாதை ஒரு காலத்தில் 2 அடி 6 அங்குலமாக இருந்து, 1990களில் அகலப் பாதையாக மாறியது. இங்கிலாந்திலும் வேறு பல நாடுகளிலும் 4 அடி 8½ அங்குலம்.

நான் சொல்ல வந்த பாதைகளின் அகலமோ வெறும் 15 அங்குலம். பிள்ளையின் புத்தகப் பையிலிருக்கும் அடிமட்டத்தை எடுத்துப் பாருங்கள். அது 12 அங்குலம். அதோடு இன்னும் 3 அங்குலம் சேர்த்தால் போதும். பாதை முழுவதும் அவ்வளவுதான்!

இந்த 15 அங்குலத்தை யார் தீர்மானித்தார்கள்? சேர் ஆர்தர் ஹேவுட் என்ற ஆங்கிலேயர். 1849இல் பிறந்து 1916இல் மறைந்தவர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் படித்தவர். செல்வந்தர். ஆனாலும் கையில் எண்ணெய்க் கறை படிய வேலை செய்வதில் பிரியமுள்ளவர். இங்கிலாந்தின் டார்பி நகருக்குப் பக்கத்தில், டஃபீல்ட் என்ற ஊரிலிருந்த தமது வீட்டு வளவிலேயே பட்டறை அமைத்து எஞ்சின்களைத் தாமே செய்தார்.

அவருடைய நோக்கம் விளையாட்டு அல்ல. பெரிய பண்ணைகளிலும் தோட்டங்களிலும் மழைக்காலத்தில் வண்டில் சக்கரம் சேற்றில் புதைந்துவிடும். நிலக்கரி, செங்கல், விறகு எதுவானாலும் குதிரைகள் இழுத்துச் சாகவேண்டும். பெரிய புகையிரதப் பாதை போடுவதற்கோ பணம் போதாது. ஆகவே மிகக் குறைந்த செலவில், மிகக் குறைந்த அகலத்தில், ஆனால் உண்மையாகவே பாரம் சுமக்கக்கூடிய ஒரு பாதை வேண்டும். அந்தக் 'குறைந்த அகலம்' எவ்வளவு என்பதுதான் அவருக்கு முன்னிருந்த கேள்வி.

முதலில் 9 அங்குலப் பாதை போட்டுப் பார்த்தார். மனிதர்களை ஏற்றுவதற்கு அதில் உறுதி போதவில்லை. பிறகு 1870களில் 15 அங்குலப் பாதை போட்டார். அது நின்றது. மனிதர் அமர்ந்து ஆபத்தின்றிப் பிரயாணம் செய்வதற்கு இதற்குக் கீழே போகக்கூடாது என்று அவர் முடிவு செய்தார். தம் பாதையில் சாப்பாட்டுப் பெட்டியும் படுக்கைப் பெட்டியும்கூட ஓடவிட்டுக் காட்டினார்! அவர் எதிர்பார்த்ததுபோல ஊரூராக அதை யாரும் வாங்கவில்லை. வெஸ்ட்மின்ஸ்டர் பிரபு மட்டும் தமது ஈட்டன் மாளிகைக்கு 1896இல் இப்படியொரு பாதை போடுவித்தார். பக்கத்துப் புகையிரத நிலையத்திலிருந்து மாளிகைக்குச் சுமார் 3 மைல் தூரம் நிலக்கரியும் சாமான்களும் அதில் வந்தன.

சுருங்குவதும் சுருங்காததும்

இங்கே ஒரு சின்னக் கணக்கைக் கேளுங்கள். வீட்டில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை இருந்தால் பக்கத்தில் கூப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பெரிய எஞ்சினை மூன்றில் ஒரு பங்காகச் சிறிதாக்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். நீளம் மூன்றில் ஒன்று. அகலம் மூன்றில் ஒன்று. உயரமும் மூன்றில் ஒன்று. அப்படியானால் நிறையும் மூன்றில் ஒன்றாகுமா? ஆகாது. 3 x 3 x 3 = 27. நிறை ஏறத்தாழ இருபத்தேழில் ஒரு பங்காகிவிடும். கொதிகலன் கொள்ளும் தண்ணீரும் அப்படியே குறையும்.

ஆனால் சில விடயங்கள் சுருங்கவே மாட்டா. நீராவியின் சூடு சுருங்காது. நிலக்கரியின் எரியும் குணம் மாறாது. எல்லாவற்றுக்கும் மேலாக, எஞ்சின் மூன்றில் ஒன்றாகச் சுருங்கலாம், அதன் பின்னால் ஏறி அமர்கின்ற மனிதர் சுருங்கமாட்டார். பெரிய புகையிரதத்தில் பெட்டியோடு ஒப்பிட்டால் பிரயாணி ஒரு துரும்பு. நீங்கள் எழுந்து நடந்தாலும் பெட்டிக்குத் தெரியாது. சின்னக் கோச்சியில் அப்படியல்ல. ஒரு பெட்டியில் ஏறிய ஆட்களின் நிறை, அந்தப் பெட்டியின் நிறையோடு போட்டி போடும். ஒருவர் ஒரு பக்கம் சாய்ந்தால் பெட்டிக்கே அது விளங்கும். அதனால்தான் இந்தப் பெட்டிகளின் ஆசனங்களைத் தண்டவாளத்துக்கு மிகக் கிட்டத்தில், பதிவாக அமைக்கிறார்கள். பாரம் எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவுக்குக் கவிழும் பயம் குறையும்.

பூங்காக்களில் இதைவிடச் சிறிய பாதைகளும் உண்டு. 7¼ அங்குலம், 5 அங்குலம் என்றெல்லாம் அகலம் வைத்து, சைக்கிளில் இருப்பதுபோல இரண்டு பக்கமும் கால் போட்டு அமரச் செய்வார்கள். அங்கேயும் இதே கணக்குத்தான். இன்னும் கடுமையான கணக்கு.

விளையாட்டுச் சாமான் செய்தவர் காப்பாற்றிய பாதை

இங்கிலாந்தின் வடமேற்குக் கரையில் ரேவன்கிளாஸ் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கிருந்து எஸ்க்டேல் பள்ளத்தாக்குக்குள் 1875இல் ஒரு புகையிரதப் பாதை போட்டார்கள். அகலம் 3 அடி. மலையிலிருந்து இரும்புத் தாது கொண்டுவருவதற்கான பாதை. தாது வருமானம் விழுந்தது, பாதையும் விழுந்தது. 1913இல் முற்றாக மூடிவிட்டார்கள். தண்டவாளத்தில் புல் முளைத்தது.

அந்தக் காலத்தில் பாசெட் லோக் என்பவர் நோர்தாம்ப்டன் நகரில் மாதிரிப் புகையிரதங்கள் செய்து விற்பதில் பேர்போனவர். பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் மேசையில் ஓடுகிற கோச்சிகள் அவை. கடற்கரைப் பட்டணங்களில் உல்லாசப் பிரயாணிகளை ஏற்றும் 15 அங்குலக் கோச்சிகளையும் அவருடைய ஆட்கள் ஓட்டினார்கள். கைவிடப்பட்டுக் கிடந்த எஸ்க்டேல் பாதையை 1915இல் அவரும் அவருடைய கூட்டாளியும் எடுத்து, 15 அங்குலமாகச் சுருக்கி மறுபடியும் ஓடவிட்டார்கள்.

விளையாட்டுச் சாமான்காரருக்கு இந்த வேலை எதற்கு என்று சிலர் நினைத்திருக்கலாம். ஆனால் நடந்தது என்ன? பெரிய பாதையால் பிழைக்க முடியாத பள்ளத்தாக்கில் சின்னப் பாதை பிழைத்தது. ஆட்களை ஏற்றியது. மலையடிவாரத்தில் உடைத்த கருங்கல்லைச் சுமந்தது. கல்லுடைக்கும் தொழில் நின்றுபோனபின், 1960இல் பாதை ஏலத்துக்கு வந்தது. அதை விரும்பிய மக்கள் சங்கமாகக் கூடி, பணமுள்ளவர்களின் உதவியும் பெற்று, ஏலத்தில் எடுத்துக் காப்பாற்றினார்கள். சுமார் 7 மைல் நீளமான அந்தப் பாதையில் இன்றும் கோச்சி ஓடுகிறது.

இன்னொரு புதினமும் உண்டு. டஃபீல்ட் பட்டறையில் 1894இல் ஹேவுட் செய்த 'மியூரியல்' என்ற எஞ்சின், பிறகு இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்தது. 1927இல் அதைத் திருத்தியமைத்து 'ரிவர் இர்ட்' என்று பெயர் மாற்றினார்கள். யாரும் வாங்கவில்லையே என்று அவர் கவலைப்பட்டாரோ என்னவோ, அவருடைய கைவேலை அவருக்குப் பின்னும் நூறு வருடத்துக்கு மேல் உழைத்துவிட்டது.

இரண்டு பந்தயக்காரர்களின் ஆசை

இனி இங்கிலாந்தின் தென்கிழக்கு மூலைக்குப் போவோம். கென்ட் மாகாணத்தின் கரையோரத்தில் ரொம்னி சதுப்பு என்ற தட்டையான நிலம் பரந்து கிடக்கிறது. ஹைத் என்ற ஊரில் தொடங்கி, டிம்சேர்ச், நியூ ரொம்னி ஆகிய ஊர்களைக் கடந்து, டன்ஜனெஸ் முனைவரைக்கும் 13½ மைல் நீளத்துக்கு ஒரு 15 அங்குலப் பாதை ஓடுகிறது. அந்த முனையில் எங்கு பார்த்தாலும் கூழாங்கல். வெளிச்சவீடுகள் இருக்கின்றன. மின்சாரம் எடுப்பதை நிறுத்திவிட்ட அணுமின் நிலையங்களும் நிற்கின்றன. அங்கே கோச்சி திரும்புவதற்குத் தனி ஏற்பாடு தேவையில்லை. பாதையே ஒரு பெரிய வளையமாகச் சுற்றி வந்து தன்னோடு சேர்ந்துகொள்கிறது.

இந்தப் பாதை இரண்டு மோட்டார்ப் பந்தய வீரர்களின் ஆசையில் பிறந்தது. ஒருவர் கவுண்ட் லூயி ஸ்பொரோவ்ஸ்கி. மற்றவர் கப்டன் ஹோவி. இருவரும் பெரும் பணக்காரர். பெரிய எஞ்சின்களை மூன்றில் ஒரு பங்கு அளவில் செய்து, உண்மையான பிரதான பாதையைப்போல இரட்டைத் தண்டவாளம், சிக்னல், நிலையம், நேரசூசி எல்லாவற்றோடும் ஓட்டவேண்டும் என்பது அவர்களின் எண்ணம். ஹென்றி கிரீன்லி என்ற பொறியியலாளர் வரைபடம் வரைந்தார். கொல்செஸ்டர் நகரின் டேவி பாக்ஸ்மன் தொழிற்சாலைக்கு ஸ்பொரோவ்ஸ்கி இரண்டு எஞ்சின்கள் செய்யச் சொன்னார்.

எஞ்சின்கள் வந்து சேர்வதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1924இல் இத்தாலியின் மொன்சா பந்தயத்தில் அவருடைய கார் விபத்துக்குள்ளாகி அவர் இறந்துபோனார். கூட்டாளி போய்விட்டார் என்பதற்காக ஹோவி அந்த எண்ணத்தைக் கைவிடவில்லை. இடம் தேடினார். ரொம்னி சதுப்பைக் கண்டுபிடித்தார்கள். அரசாங்கத்தின் அனுமதிக் கட்டளையும் கிடைத்தது. பாதை இன்னும் முடியாதிருந்த 1926ஆம் ஆண்டில், பின்னர் ஆறாம் ஜோர்ஜ் மன்னரான யோர்க் கோமகன் அங்கு வந்து எஞ்சினைத் தாமே ஓட்டிப் பார்த்தார். 1927 ஜூலை 16ஆம் திகதி ஹைத்துக்கும் நியூ ரொம்னிக்கும் இடையில் சேவை தொடங்கியது. அடுத்த ஆண்டு டன்ஜனெஸ் வரைக்கும் நீட்டினார்கள்.

பாதையின் அகலம் சாதாரணப் பாதையில் நாலில் ஒரு பங்குதான். எஞ்சினோ மூன்றில் ஒரு பங்கு. பாதைக்கு வெளியே இரு பக்கமும் எஞ்சின் துருத்திக்கொண்டு நிற்கும். அதன் நிறை சுமார் 8 தொன். மணிக்கு 25 மைல் வேகத்தில், பத்துக்கு மேற்பட்ட பெட்டிகளில் நூற்றுக்கு மேற்பட்ட ஆட்களை இழுத்துக்கொண்டு ஓடும். பெரிய நீராவி எஞ்சினில் சாரதி ஒருவர், நிலக்கரி போடுபவர் இன்னொருவர். இங்கே இரண்டு வேலையும் ஒருவருக்கே. பதிவான ஆசனத்தில் கால் நீட்டி அமர்ந்து, பாதையைப் பார்ப்பதும், தண்ணீர் மட்டத்தைப் பார்ப்பதும், அடுப்பில் கரி போடுவதும் அவர் பொறுப்பு.

யுத்தமும் சிரிப்பும்

இரண்டாவது உலக யுத்தம் வந்தது. பிரான்ஸ் ஜேர்மனியின் கையில் விழுந்ததும் ரொம்னிக் கரை எதிரிக்கு நேர் எதிர்க் கரையானது. 1940இல் இராணுவம் பாதையைப் பொறுப்பெடுத்தது. 'ஹேர்குலிஸ்' என்ற எஞ்சினுக்கு இரும்புக் கவசம் பூட்டி, துப்பாக்கிகள் ஏற்றிய பெட்டிகளைக் கோத்துக் கரையோரக் காவலுக்கு விட்டார்கள். வேடிக்கையாகத்தான் இருக்கும், ஆனால் அதில் ஏறிப்போன சிப்பாய்களுக்கு வேடிக்கையல்ல. பிறகு, கடலுக்கு அடியால் பிரான்சுக்குப் பெற்றோல் அனுப்பும் குழாய்த் திட்டத்துக்கும் இந்தப் பாதை சாமான் சுமந்தது. யுத்தம் முடிந்தபோது பாதை பாழாய்க் கிடந்தது.

ஹோவி மீண்டும் தொடங்கினார். 1946இல் ஒரு பகுதி திறந்தது. டன்ஜனெஸ் பகுதி 1947 மார்ச் மாதம் திறந்தபோது, அதைத் திறந்து வைக்க வந்தவர்கள் யார் தெரியுமா? உலகத்தையே சிரிக்கவைத்த லோரலும் ஹார்டியும்தான்! ஆறு வருட யுத்தத்தைப் பார்த்த சனங்களுக்கு அந்தச் சிரிப்பு எவ்வளவு தேவையாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஹோவி 1963இல் மறைந்தார். பாதை கைமாறியது, கஷ்டப்பட்டது. 1970களின் தொடக்கத்தில் பணமும் ஆர்வமும் உள்ள சிலர் கூட்டாக எடுத்து நடத்த முன்வந்ததால் பிழைத்தது.

சீருடையோடு ஏறிய பிள்ளைகள்

வாசகர்களே, இந்தக் கதையில் என் மனதைத் தொட்ட பகுதி இனித்தான் வருகிறது.

1977இல் கென்ட் மாகாணக் கல்விப் பகுதியினர் இந்தக் கோச்சியோடு ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். கரையோர ஊர்களின் பிள்ளைகளை நியூ ரொம்னியிலுள்ள பாடசாலைக்குக் காலையில் கொண்டுபோய், பின்னேரம் திருப்பிக் கொண்டுவர வேண்டும். அன்றிலிருந்து 2015 வரை, 38 வருடங்கள், பாடசாலைத் தவணை நாட்களில் அந்தச் சேவை நடந்தது. அதற்கென்றே 1983இல் ஒரு டீசல் எஞ்சினும் செய்வித்தார்கள். அந்தப் பாடசாலைக்கு மூலகாரணரான பழங்காலத்துக் கொடையாளரின் பெயரையே அதற்கு வைத்தார்கள்.

உல்லாசப் பிரயாணி நல்ல வெயில் நாளில் வருவான். மழை பெய்தால் வரமாட்டான். ஆனால் பாடசாலைப் பிள்ளைக்கு அப்படி இல்லை. பனியோ மழையோ, முதல் மணிக்கு முன்னால் வகுப்பில் இருக்கவேண்டும். அந்தப் பிள்ளையின் உம்மா காலையில் சாப்பாடு கட்டிக் கொடுத்து, தலைவாரி, நிலையத்துக்கு அனுப்பிவைக்கும்போது, அது விளையாட்டுக் கோச்சியா நிஜக் கோச்சியா என்று யோசிப்பாளா? நேரத்துக்கு வருமா, பத்திரமாகக் கொண்டுபோகுமா என்பதைத்தானே யோசிப்பாள்? தாய்மார் ஒரு கோச்சியை நம்பத் தொடங்கிவிட்டால், பிறகு அதன் அகலம் எத்தனை அங்குலம் என்பது கணக்கில் வராது.

கடவையில் போன உயிர்கள்

அதே பாதையில் துக்கமும் நடந்திருக்கிறது. அது பல சாலைகளைச் சமதளத்தில் குறுக்கே கடந்து போகிறது. சில கடவைகளில் சிவப்பு விளக்கு மட்டும் இருந்தது. தடுப்புக் கட்டை இருக்கவில்லை. 2003இல் அப்படியான ஒரு கடவையில் காரும் கோச்சியும் மோதின. கோச்சியின் சாரதி இறந்துபோனார். இரண்டு வருடம் செல்லவில்லை. 2005இல் மற்றொரு கடவையில் மீண்டும் ஒரு மோதல். இன்னொரு சாரதி இறந்துபோனார்.

நாம் சாதாரணமாக எப்படி நினைப்போம்? கோச்சியும் காரும் மோதினால் கார்தான் நொருங்கும். கோச்சிக்காரருக்கு ஒன்றும் ஆகாது. பெரிய கோச்சியில் பெரும்பாலும் அப்படித்தான். அதன் சாரதி உயரத்தில், பல தொன் இரும்புக்குப் பின்னால் இருக்கிறார். சின்னக் கோச்சியின் சாரதியோ காரின் உயரத்துக்குக்கூட வரமாட்டார். தரைக்குச் சற்று மேலே, சூடான கொதிகலனுக்குப் பின்னால் கால் நீட்டி அமர்ந்திருக்கிறார். எஞ்சின் தண்டவாளத்தை விட்டுப் புரண்டால், முதலில் அகப்படுபவர் அவர்தான். நான் முன்னர் சொன்ன கணக்கு ஞாபகம் இருக்கிறதா? எல்லாம் சுருங்கலாம், மனிதர் சுருங்கமாட்டார்.

அந்த மரணங்களுக்குப் பிறகு, தானாக இறங்கும் தடுப்புக் கட்டைகளைக் கடவைகளில் பொருத்தினார்கள். பெரிய புகையிரதத்துக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு இதற்கும் வேண்டும் என்ற பாடத்துக்கு, இரண்டு குடும்பங்கள் விலை கொடுத்துவிட்டன.

கடவையில் சிவப்பு விளக்கு எரியும்போது, வருவது யாழ்தேவியா பூங்காக் கோச்சியா என்று அளந்து பார்த்து நிற்பதா? விளக்கு எரிந்தால் நிற்க வேண்டும். அவ்வளவுதான்.

பிள்ளைகள் நடத்தும் கோச்சி

கவலையோடு முடிக்க எனக்கு விருப்பமில்லை. ஜேர்மனியின் டிரெஸ்டன் நகருக்கு வாருங்கள். யுத்தத்தின் கடைசிக் கட்டத்தில், 1945 பெப்ரவரியில், குண்டுவீச்சால் எரிந்துபோன நகரம் அது. ஐந்து வருடத்தின் பின், 1950இல், அங்குள்ள பெரிய பூங்காவில் ஒரு சின்னப் புகையிரதப் பாதை திறந்தார்கள். அதே 15 அங்குல அகலம். நீளம் 5.6 கிலோமீற்றர். இன்றும் ஓடுகிறது.

அதன் விசேஷம் என்னவென்றால், டிக்கட் விற்பது, டிக்கட் பார்ப்பது, நிலையத்தில் அறிவிப்பது, சிக்னலைக் கவனிப்பது, கோச்சி புறப்படச் சைகை கொடுப்பது ஆகிய வேலைகளைப் பாடசாலைப் பிள்ளைகளே செய்கிறார்கள். எஞ்சின் ஓட்டுவது மட்டும் பெரியவர்கள். பிள்ளைகள் சும்மா தொப்பி போட்டு நிற்பதில்லை. முறைப்படி படித்துத்தான் ஒவ்வொரு வேலைக்கும் வருகிறார்கள்.

நம் வீட்டில் ஒரு பிள்ளை ஏதாவது செய்ய வந்தால், "உனக்கு ஏலாது, அங்கால போ" என்று சொல்லிப் பழகிவிட்டோம். அங்கே ஒரு பிள்ளை சைகை கொடுத்தால்தான் கோச்சி நகரும். நூறு பேரின் பத்திரம் தன் கையில் இருக்கிறது என்று உணர்ந்த பிள்ளை எப்படி நிமிர்ந்து நிற்கும்! பாதை சின்னது என்பதால்தான் அந்தப் பொறுப்பைச் சின்னக் கைகளில் கொடுக்க முடிகிறது. ஆனால் கொடுத்தது விளையாட்டுப் பொறுப்பல்ல, நிஜப் பொறுப்பு.

அடுத்த முறை போகும்போது

அடுத்த முறை பிள்ளைகளைச் சின்னக் கோச்சியில் ஏற்றும்போது இவற்றைக் கொஞ்சம் கவனியுங்கள்.

ஏறுவதற்கு முன்னால் ஒரு சுற்று ஓடுவதைப் பாருங்கள். வளைவில் பெட்டி ஆடிச் சாய்கிறதா? சாரதி பின்னால் திரும்பிப் பார்த்து, எல்லாரும் அமர்ந்த பிறகுதான் எடுக்கிறாரா? பாதையைச் சுற்றி வேலி இருக்கிறதா?

பிள்ளையின் கையும் காலும் பெட்டிக்கு உள்ளேயே இருக்க வேண்டும். நிற்க முன் இறங்கக்கூடாது. புகைப்படம் எடுப்பதற்காக எல்லாரும் ஒரே பக்கம் சாயவேண்டாம். பெண்கள் முக்காடு, சேலைத் தலைப்பு, துப்பட்டா நுனிகளை மடியில் சுருட்டி வைத்துக்கொள்ளுங்கள். சக்கரம் காலடியிலேயே சுழல்கிறது. துணி நுனி ஒன்று போதும் அதற்கு.

நீராவி எஞ்சின் என்றால், கொதிகலனை எப்போது சோதித்தீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல கொதிகலனை முதலில் குளிர்ந்த தண்ணீர் நிரப்பி, வேலை செய்யும் அமுக்கத்தைவிடக் கூடுதலான அமுக்கம் கொடுத்துச் சோதிப்பார்கள். தண்ணீர் நீராவியைப்போல் விரிந்து வெடிக்காது. பலவீனம் இருந்தால் கசிந்து காட்டிக்கொடுத்துவிடும். வேலை தெரிந்தவர் இந்தக் கேள்விக்குக் கோபிக்கமாட்டார். சந்தோஷப்பட்டு, நின்று விளக்கம் சொல்வார். முகம் சுளித்தால், டிக்கட் காசைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், சுற்று முடிந்து இறங்கி வரும் பிள்ளை, "இந்தக் கோச்சி எங்கே போகும் வாப்பா?" என்று கேட்டால், "எங்கேயும் போகாது" என்று சொல்லி முடித்துவிடாதீர்கள். கையைப் பிடித்துக்கொண்டு எஞ்சினுக்குப் பக்கத்தில் கூட்டிப்போங்கள். ஓட்டியவருக்கு ஒரு நன்றி சொல்லச் சொல்லுங்கள். இதே மாதிரிக் கோச்சியில் ஏறித்தான் ஓர் ஊரின் பிள்ளைகள் 38 வருடம் பாடசாலைக்குப் போனார்கள் என்று சொல்லுங்கள். அவன் கண் விரியும். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கேள்விதான் வரும். பதில் சொல்லித்தான் ஆகவேண்டும்!

அடுத்த மாதம் வேறொரு விடயத்தோடு சந்திப்போம்.